வீட்டுக் கணினி பேக்கப்: இழுத்துப் போடுவதா, மிரரா, வெர்ஷனா, இமேஜா?

"எக்ஸ்டெர்னல் டிரைவ் வாங்கியாச்சு. இனி எப்படி பேக்கப் எடுக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எதைத் திரும்பப் பெற வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள்? பலர் இதை யோசித்தே இருக்க மாட்டார்கள். எந்த கம்பெனி டிரைவ் நல்லது, எத்தனை டெராபைட் போதும் என்பதிலேயே ஒரு வாரம் ஓடியிருக்கும். டிரைவ் என்பது ஒரு பெட்டிதான். அதற்குள் எந்த முறையில் வைக்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் கணினி கெடும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பது.

முறைகள் நான்கு. ஃபோல்டரைக் கையால் இழுத்துப் போடுவது. கணினியில் உள்ளதை அப்படியே பிரதியெடுக்கும் மிரர். பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் வெர்ஷன் பேக்கப். விண்டோஸ், புரோகிராம்கள் உட்பட முழு டிஸ்க்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டும் இமேஜ். எல்லாவற்றையும் "பேக்கப்" என்ற ஒரே பெயரில் அழைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். இவை தீர்க்கும் பிரச்சினைகள் வேறு வேறு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், இழப்பு எந்த வகை என்பது. கணினியின் டிஸ்க் செத்துப்போவது ஒரு வகை. நாமே ஒரு கோப்பை அழித்துவிட்டு மூன்று வாரம் கழித்துத் தேடுவது இன்னொரு வகை. வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான் என்பது என் அனுபவம். மூன்றாவது ரேன்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். நான்காவது திருட்டு, தீ, வெள்ளம். இதில் கணினியும் டிரைவும் சேர்ந்தே போகும்.

அடுத்து, எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போக முடியும்? நேற்றைய நிலை மட்டும் கிடைக்குமா, போன மாதத்துப் பதிப்பும் கிடைக்குமா? மூன்றாவது, மீட்க எத்தனை நேரம் ஆகும், வேறு கணினியில் மீட்க முடியுமா? நான்காவது, அந்த மென்பொருள் இல்லாமலே டிரைவைத் திறந்து கோப்பை எடுக்க முடியுமா? கடைசியாக, இது உங்கள் ஞாபகத்தை எவ்வளவு நம்பியிருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். ஞாபகமாகச் செய்ய வேண்டிய பேக்கப் முதல் இரண்டு மாதம் ஒழுங்காக நடக்கும். பிறகு நடக்காது.

| | கையால் காப்பி | மிரர் | வெர்ஷன் பேக்கப் | முழு இமேஜ் |
|---|---|---|---|---|
| டிஸ்க் செத்தால் | கோப்புகள் மட்டும் | கோப்புகள் மட்டும் | கோப்புகள். மேக்கில் ஏறக்குறைய எல்லாம் | எல்லாம் |
| தவறுதலாக அழித்தால் | எடுத்த நாள் வரை | அடுத்த ஓட்டம் வரை மட்டும் | பல மாதம் பின்னோக்கி | இமேஜ் எடுத்த நாளுக்கு |
| மென்பொருள் இல்லாமல் திறக்க | முடியும் | முடியும் | கருவியைப் பொறுத்தது | பெரும்பாலும் முடியாது |
| ஞாபகம் தேவையா | முழுக்க | ஷெட்யூல் போட்டால் இல்லை | டிரைவைச் செருகினால் போதும் | ஷெட்யூல் போட்டால் இல்லை |
| மறைந்த செலவு | விட்டுப்போகும் ஃபோல்டர்கள் | தவறையும் பிரதியெடுக்கும் | இடம் | நேரம், மீட்பு யூஎஸ்பி |

## கையால் காப்பி

எந்த மென்பொருளும் வேண்டாம், எந்தக் கணினியிலும் திறக்கும். இதன் பலம் இங்கேயே முடிந்துவிடுகிறது.

பலவீனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்றையும் எடுத்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்போம். பிரவுசர் புக்மார்க்குகளும் பல புரோகிராம்களின் அமைப்புகளும் விண்டோஸில் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில் கிடக்கும். அது காப்பியில் வராது. இன்னொன்று, விண்டோஸ் எக்ஸ்புளோரரில் காப்பி செய்யும்போது கோப்பு 'உருவான தேதி' காப்பி செய்த நாளாக மாறிவிடும்; 'மாற்றிய தேதி' மட்டும் பழையபடி இருக்கும். உருவான தேதிப்படி படங்களை அடுக்கி வைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி.

இனி மாறவே போவதில்லை என்ற கோப்புகளுக்கு இந்த முறையே நல்லது: பத்து வருடத்துக்கு முந்தைய படங்கள், ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள். அவற்றை ஒருமுறை போட்டு, திறந்து பார்த்து, டிரைவை எடுத்து வைத்துவிடலாம்.

## மிரர்

விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்தே கூட வரும் ரோபோகாப்பி, லினக்ஸிலும் மேக்கிலும் ஆர்சிங்க், மவுஸால் வேலை செய்ய விரும்புவோருக்கு ஃப்ரீஃபைல்சிங்க். எல்லாமே மாறிய கோப்புகளை மட்டும் அனுப்புபவை. முதல் தடவை ஒரு மணி நேரம் எடுத்தது, மறுநாள் இரண்டு நிமிடத்தில் முடியும். அந்த வேகத்தில் மயங்கித்தான் எல்லோரும் இதில் விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

ஒரு நாள் படங்களை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று ஒரு ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினேன். நகர்த்தும்போது நடுவில் ஏதோ பிசகி, பாதிப் படங்கள் காணாமல் போனதை நான் கவனிக்கவில்லை. இரவு வழக்கம்போல மிரர் ஓடியது. கணினியில் இல்லாதது டிரைவிலும் இருக்கக் கூடாது என்பதுதான் மிரரின் வேலை. அதைச் சுத்தமாகச் செய்து முடித்திருந்தது. மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்டதைத்தான் அது செய்தது.

மிரரையே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அழிக்கும் வேலைக்கு ஒரு கடிவாளம் போடுங்கள். ஃப்ரீஃபைல்சிங்க்கில் அழிபடும் கோப்புகளைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தும் அமைப்பு உண்டு. ஆர்சிங்க்கிலும் அதற்கு வழி இருக்கிறது. ரோபோகாப்பியின் மிரர் கட்டளையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இலக்கு ஃபோல்டரைத் தப்பாகக் கொடுத்துவிட்டால், அங்கே ஏற்கெனவே இருந்த வேறு கோப்புகளையும் கேள்வி கேட்காமல் துடைத்துவிடும்.

மிரர் சிறந்தது எப்போது? வேறு ஒரு வெர்ஷன் பேக்கப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது டிரைவுக்கு. அல்லது வீடியோ எடிட்டிங் போன்ற வேலையில், டிஸ்க் செத்தாலும் அடுத்த பத்தாவது நிமிடத்தில் அதே ஃபோல்டரிலிருந்து தொடர வேண்டும் என்ற நிலையில்.

## வெர்ஷன் பேக்கப்

வீட்டுக்கு ஒரே ஒரு முறை போதும் என்றால் நான் கைகாட்டுவது இதை. காரணம் மேலே சொன்ன கதைதான். தவறை உடனே கவனிக்க மாட்டோம், எனவே கவனிக்கும் நாள்வரை பழையது காத்திருக்க வேண்டும்.

மேக்கில் 2007இல் வந்த டைம் மெஷின் இன்றும் இதற்கு நல்ல உதாரணம். கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடைசி ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முன் வாரத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கும். டிரைவ் நிரம்பினால் மிகப் பழையதிலிருந்து தானே கழிக்கும். மேக்கின் சேமிப்பைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவு டிரைவுக்கு இருக்கட்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. புது மேக் வாங்கினாலும் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வழியாகக் கணக்குகள், புரோகிராம்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் இதிலிருந்தே கொண்டுவரலாம். அதனால் மேக்காரர்களுக்கு இமேஜ் பற்றிய கவலை பெரிதாக இல்லை.

விண்டோஸ் 8 முதல் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. விண்டோஸ் 11இல் இதை செட்டிங்ஸில் தேடினால் கிடைக்காது, பழைய கன்ட்ரோல் பேனலுக்குள் போக வேண்டும். 'விண்டோஸ் பேக்கப்' என்ற பெயரில் புதிதாக வந்திருக்கும் ஆப் இதுவல்ல. அது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்கு அனுப்புவது, உங்கள் எக்ஸ்டெர்னல் டிரைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரைப் பார்த்து அதை ஆன் செய்துவிட்டு, டிரைவில் எல்லாம் ஏறிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

ஃபைல் ஹிஸ்டரியில் எனக்குப் பிடித்தது, சேமிக்கும் விதம். கோப்பின் பெயருக்குப் பின்னால் தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டு சாதாரணக் கோப்பாகவே கிடக்கும். ஃபைல் ஹிஸ்டரி என்ற வசதியே ஒரு நாள் மறைந்துபோனாலும் டிரைவை எந்தக் கணினியிலும் செருகி எடுத்துக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறு ரெஸ்டிக், போர்க் போன்ற கருவிகள். அவை துண்டு துண்டாக்கி, ஒரே துண்டு இரண்டு தடவை சேராமல் பார்த்துக்கொண்டு, பூட்டியும் வைக்கும். இடம் நிறைய மிச்சம். ஆனால் அந்தக் கருவியும் பாஸ்வேர்டும் இல்லாமல் ஒரு படத்தைக்கூட எடுக்க முடியாது. கருப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தயங்காதவர்களுக்கு அவை அருமையானவை. உங்களுக்குப் பிறகு குடும்பத்தில் யாராவது அந்த டிரைவைத் திறக்க வேண்டியிருக்கும் என்றால் யோசியுங்கள்.

மறைந்த செலவுகளுக்கு வருவோம். ஃபைல் ஹிஸ்டரி, கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் முழுக் கோப்பையும் இன்னொரு முறை சேமிக்கும். கடிதங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 20 ஜிபி அளவுள்ள மெய்நிகர் கணினிக் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) கோப்போ, அவுட்லுக்கின் பெரிய மின்னஞ்சல் கோப்போ தினமும் மாறினால் டிரைவ் சில வாரங்களில் நிரம்பிவிடும். போதாக்குறைக்கு, பழைய பதிப்புகளை எவ்வளவு நாள் வைப்பது என்ற இடத்தில் இயல்பாகவே 'என்றென்றும்' என்று இருக்கும். இடம் தீர்ந்ததும் பேக்கப் நின்றுபோகும், மூலையில் வரும் அறிவிப்பை யாரும் படிக்க மாட்டார்கள். 'இடம் தேவைப்படும் வரை' என்று முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு பொறி கிளவுட். ஒன்டிரைவில் மேகக் குறியுடன் தெரியும் கோப்பு உண்மையில் உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது. ஐகிளவுடில் இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பை ஆன் செய்திருந்தாலும் இதே கதை. கணினியில் இல்லாததை ஃபைல் ஹிஸ்டரியோ டைம் மெஷினோ டிரைவுக்குக் கொண்டுபோகாது. முக்கிய ஃபோல்டர்களை 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வை' என்று குறித்துவிட்டு அப்புறம் பேக்கப்பைத் தொடங்குங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: டைம்ஷிஃப்ட் சிஸ்டத்துக்கு, டெஜா டூப் உங்கள் கோப்புகளுக்கு. ஒன்றை மற்றதாக எண்ணிவிட வேண்டாம்.

## முழு இமேஜ்

டிஸ்க் மாற்றி, விண்டோஸ் போட்டு, அப்டேட் முடித்து, பிரிண்டரைச் சேர்த்து, கணக்கு மென்பொருளுக்கு லைசென்ஸ் கோட் தேடி, பழைய நிலைக்கு வர ஒரு முழு வார இறுதி போய்விடும். இமேஜ் இருந்தால் புது டிஸ்க்கில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கணினியை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை என்றே சொல்வேன்.

விண்டோஸிலேயே ஒரு இமேஜ் வசதி இருக்கிறது, 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்ற பழைய பெயரோடு. அதை இனி வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017இலேயே அறிவித்துவிட்டது. ஓடும், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். பலரும் பரிந்துரைத்து வந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பவற்றில் வீம் ஏஜென்ட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இமேஜ் எடுக்கும், இமேஜுக்குள்ளிருந்து ஒற்றைக் கோப்பையும் எடுத்துத் தரும். குளோன்ஜில்லா யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து, அதாவது விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, எடுப்பது. நம்பகமானது, ஆனால் அந்த இமேஜிலிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுப்பது லேசான வேலை இல்லை.

இமேஜின் மறைந்த செலவுகளில் முதலாவது மீட்பு யூஎஸ்பி. கணினியே எழும்பாதபோது இமேஜைத் திறக்க வேறொன்றிலிருந்து பூட் செய்ய வேண்டும். அந்த யூஎஸ்பியை இமேஜ் எடுத்த அன்றே தயாரித்து, ஒருமுறை பூட் செய்தும் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, வேறு கணினிக்கு மாற்றும்போது டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) பொருந்தாமல் சிக்கல் வரலாம். இமேஜ் அதே இயந்திரத்துக்கு, புது டிஸ்க்குக்கு என்று நினைத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது பலருக்குத் தெரியாதது. உங்கள் லேப்டாப் விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தாலும், விண்டோஸ் ஓடும்போது எடுக்கும் இமேஜ் பொதுவாகப் பூட்டு இல்லாமல்தான் டிரைவில் உட்காரும். டிரைவைத் தூக்கிப்போனவன் எல்லாவற்றையும் படிக்கலாம். டிரைவையும் பூட்டுங்கள், அல்லது இமேஜ் மென்பொருளிலேயே பாஸ்வேர்டு போடுங்கள்.

தினமும் இமேஜ் எடுக்க வேண்டியதில்லை. பெரிய மாற்றம் செய்த பிறகும், அது இல்லாவிட்டால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் போதும். இடையில் மாறும் கோப்புகளை வெர்ஷன் பேக்கப் பார்த்துக்கொள்ளும்.

## டிரைவைச் செருகியே வைப்பதா, கழற்றி வைப்பதா?

முறையைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் இந்தக் கேள்வியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். செருகியே வைத்தால் பேக்கப் தானாக நடக்கும், ஞாபகம் தேவையில்லை. ஆனால் 2017 மே மாதம் பரவிய வானாக்ரை போன்ற ரேன்சம்வேர், கணினியோடு இணைந்திருக்கும் டிரைவில் உள்ளதையும் சேர்த்தே பூட்டும். மின்னல், திருட்டு, தீ வந்தாலும் இரண்டும் ஒன்றாகப் போகும். கழற்றி வைத்தால் இவற்றிலிருந்து தப்பலாம். பேக்கப் மட்டும் நின்றுபோகும், ஏனென்றால் திரும்பச் செருக மறந்துவிடுவீர்கள்.

இதற்கு ஒற்றை டிரைவில் நல்ல பதில் கிடையாது. இரண்டு டிரைவ் வேண்டும். ஒன்று மேசையில் செருகியபடி வெர்ஷன் பேக்கப்புக்கு. இன்னொன்று கழற்றி, முடிந்தால் வேறு கட்டடத்தில், மாதம் ஒருமுறை கொண்டுவந்து மிரர் அல்லது இமேஜ் ஓட்டுவதற்கு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். ஒரு பெரிய டிரைவ் வாங்க வைத்திருக்கும் பணத்தில் இரண்டு சிறிய டிரைவ் வாங்க முடியுமென்றால், யோசிக்காமல் இரண்டு வாங்குங்கள்.

ஒரே டிரைவ்தான் என்பவர்கள் வாரம் ஒரு நாள் செருகி, முடிந்ததும் கழற்றுங்கள். டிரைவைச் செருகியதும் தொடங்கும்படியும், முடிந்ததும் தானே வெளியேறும்படியும் வீம் ஏஜென்ட்டில் அமைத்துக்கொள்ளலாம்.

## ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

அலமாரியில் வைக்கும் பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்க்கே போதும், அதுவே சிறந்ததும்கூட. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி கீழே விழுந்தால் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் மின்சாரம் இல்லாமல் நீண்ட நாள் கிடப்பதற்காக உருவானதல்ல. வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி ஒன்று தன் எழுதும் ஆயுளை முழுக்கத் தீர்த்த பிறகு, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதுதான் சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேட்பது. புது எஸ்எஸ்டி அதைவிட நெடுங்காலம் தாங்கும். இருந்தாலும் ஐந்து வருடம் பெட்டிக்குள் போட்டு மறக்க வேண்டிய பொருள் அல்ல. லேப்டாப்போடு பையில் அலையும் டிரைவ் என்றால் தயங்காமல் எஸ்எஸ்டி.

வேகம் பற்றிப் பயப்பட வேண்டாம். நொடிக்கு 100 எம்பி எழுதும் ஹார்டு டிஸ்க்கில் 400 ஜிபி ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் கூடும். அதே டிரைவைப் பழைய யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் மூன்று மணி நேரத்துக்கு மேல். மெதுவாக இருக்கிறது என்று புகார் சொல்லுமுன் துளையையும் கேபிளையும் பாருங்கள். பெட்டியில் 1 டெராபைட் என்று போட்டிருப்பது விண்டோஸில் 931 ஜிபி என்று தெரியும். அது ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு.

ஃபார்மேட்டில், அதாவது டிரைவ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில், விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மேக் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ். இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அது சேதமாக வாய்ப்பு அதிகம். பழைய டிரைவில் ஃபேட்32 இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, மாற்றிவிடுங்கள்.

## யாருக்கு எது

படங்களும் கடிதங்களும் மட்டும் உள்ள குடும்பக் கணினிக்கு ஃபைல் ஹிஸ்டரி அல்லது டைம் மெஷின், கூடவே வருடத்துக்கு இருமுறை இரண்டாவது டிரைவில் படங்களின் கைக் காப்பி. கணினியே பிழைப்பு என்றால் வெர்ஷன் பேக்கப்போடு இமேஜ். கல்லூரி மாணவருக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டியில் வெர்ஷன் பேக்கப் போதும். விண்டோஸைத் திரும்பப் போடும் பொறுமை அந்த வயதில் இருக்கும். தனியாக மிரர் மட்டும் என்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வாரத்திலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு படம், ஒரு ஆவணம், ஆறு மாதம் பழைய ஒரு கோப்பு, மூன்றையும் டிரைவிலிருந்து மீட்டுப் பாருங்கள், அதுவும் உங்களுடையதல்லாத இன்னொரு கணினியில். டிரைவ் பாஸ்வேர்டு கேட்கும்போது, அதை எழுதி வைத்த கோப்பு கணினிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.